அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

என் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் சிங்களத்தைத் தமிழாக்குவதும் தமிழைச் சிங்களமாக்குவதும் என் வேலை. பிறப்புப் பதிவில் பிழை, காணித் தகராறு, புருஷன் அடிக்கிறான் என்று மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சொல்வதை அதிகாரியிடம் சொல்வேன். அதிகாரி சொல்வதை அவர்களிடம் சொல்வேன். பதினெட்டு வருடத்தில் ஒரு சொல்லைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை என்று நான் பெருமையடிக்காத ஆள் அங்கே கிடையாது. ஒருமுறை பெரியவர் ஒருவர் கோபத்தில் அதிகாரியைக் கண்டபடி ஏசிவிட்டார். அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். "இதையுமா சொல்ல வேண்டும்?" என்று அதிகாரி கேட்டார். "சேர், இந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது என் வாய் எனக்குச் சொந்தமில்லை" என்றேன். அந்தப் பதில் அலுவலகத்தில் ஒரு மாதம் ஓடியது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என் கதை அதைவிடக் கேவலம். ஊரார் வார்த்தையையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், பெற்றவளின் வார்த்தையை வழியிலேயே மாற்றிப்போட்டேன்.

அம்மா வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். பென்சன் எடுத்த பிறகும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பராவில், அக்காவோடு இருந்தாள். அக்காவும் அங்கேதான் வேலை. நான் டவுனில் வாடகை வீடு எடுத்துப் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தேன். அம்மாவுக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும், நெஞ்சில் தண்ணீர் கட்டும், படுத்தால் மூச்சு வாங்கும். மாதத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். மருந்தும் சோதனை முடிவும் எழுதுகிற கிளினிக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். டாக்டர்மார் பெரும்பாலும் சிங்களவர்கள். அதனால் நான் அரை நாள் லீவு போட்டுக் கூடப் போவேன். போகும்போதெல்லாம் முணுமுணுப்பேன். அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி நடப்பாள்.

போன வருடம் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். இளம் சிங்களப் பெண். மற்றவர்களைப் போல மருந்தை எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த இருதயம் இனித் தேறாது. இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோ மோசமாகும். அப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தொண்டையில் குழாய் போட்டு மெசினில் வைக்கலாம். வைத்தால் திரும்பி எடுப்பது கஷ்டம். அல்லது மூச்சுத் திணறலும் வலியும் தெரியாமல் மருந்து கொடுத்து, அவருக்குப் பிடித்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கு எது வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்தால் நல்லது. அவசரத்தில் கேட்க முடியாது." பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்கள் விருப்பத்தை நான் கேட்கவில்லை. அம்மா சொல்வதை அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "டாக்டர், அதுதான் என் உத்தியோகம். நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளன்" என்றேன். டாக்டர் சிரித்து, அப்படியானால் கவலையில்லை என்றார்.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சரியாகத்தான் சொன்னேன். அதுவரை என்மேல் குற்றமில்லை. அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. வெகு நாளாக மனதுக்குள் வைத்திருந்ததைப் போலச் சொன்னாள்.

"டாக்டரம்மாகிட்ட தெளிவா சொல்லு தம்பி. தொண்டையில கொழா கிழா ஒண்ணும் எனக்கு வேணாம். இங்க குடுக்குற மருந்தே போதும். மூச்சு முட்டுனா, வலி தெரியாம ஏதாச்சும் குடுத்தாங்கன்னா புண்ணியம். கண்டிக்கெல்லாம் கொண்டு போக வேணாம். எங் காம்பராவுக்குள்ள, எம் பாயில கெடந்து போவணும். ஒங்கப்பாவ போட்ட மாதிரி என்னைய வாசல்ல, மழையில போட்டுறாதீங்க."

அப்பாவின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் உயிர் போனால் பிணத்தை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். வாசலில் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே தூக்கிப் போவார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். அடைமழைக் காலம். வட்டவளை மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தலுக்குக் கூரையாகக் கட்டிய தறப்பாள் ஒழுகியது. முப்பது வருடம் குடியிருந்த வீட்டின் கதவுக்கு நாலடி தள்ளி அப்பா கிடந்தார். அம்மா காலையிலிருந்து பெட்டி எடுக்கும்வரை அவர் முகத்துக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை மாற்றிப் பிடிக்க யாரையும் விடவில்லை.

அம்மா சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "எல்லா வைத்தியமும் செய்யச் சொல்கிறார். தேவைப்பட்டால் குழாயும் போடலாமாம். எங்கே அனுப்பினாலும் சம்மதம். பேரப்பிள்ளைகளோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாம்."

அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. பொய்க்கு நானாகப் போட்ட முலாம் அது. பதினெட்டு வருடம் சொல்லைக் கூட்டாதவன் ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தையே கூட்டினேன்.

"அம்மாவின் கண் கலங்கியதே?" என்றார் டாக்டர்.

"பயம்" என்றேன்.

டாக்டர் எட்டி அம்மாவின் கையைப் பிடித்து, சிங்களத்தில் மெதுவாக, "அம்மே, அப்படித்தானே? எல்லாம் செய்யட்டுமா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். விளங்காமல் ஆட்டுகிறாள் என்று நினைத்து நிம்மதியடைந்தேன். டாக்டர் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கீழே கோடு போட்டார். "மனம் மாறினால் எந்தக் கிளினிக் நாளிலும் சொல்லலாம், மாற்றி எழுதித் தருவேன்" என்றார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏன் செய்தேன்? பாசத்தினால் என்று சொன்னால் கேட்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது அலுவலகம். அங்கே நான் டவுன்காரன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கூட வேலை செய்கிற ஒருவரின் தகப்பன் தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தார். எத்தனை டாக்டர் பார்த்தார்கள், எத்தனை மெசின் வைத்தார்கள் என்று அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் தாய் மட்டும் வைத்தியம் வேண்டாமென்று லயத்துக் காம்பராவில், பாயில் கிடந்து செத்தாள் என்று நான் எப்படிச் சொல்வது? தாயைக் கவனிக்காமல் விட்டுவிட்டான், தோட்டத்தானுக்கு என்ன தெரியும் என்று பேச மாட்டார்களா? எனக்கு லயத்தைப் பார்த்து வெட்கம். என் அம்மா எங்கே சாக ஆசைப்பட்டாளோ அந்த இடம் எனக்கு மானக்கேடாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அன்றைக்கு மறைந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அம்மாவைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா கேட்டாள். "நான் சொன்னத அப்படியே சொன்னியா தம்பி?"

"அப்படியேதான் சொன்னேன்."

"சரி" என்றாள். பையிலிருந்து பனிஸ் ஒன்றை எடுத்துப் பிய்த்து, பெரிய துண்டை எனக்குத் தந்தாள். நான் தின்றேன்.

அக்காவிடம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதன்பிறகு மூன்று கிளினிக் போனோம். ஒவ்வொரு தடவையும் வாங்கில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடக் காத்திருக்கும்போது அம்மா என்னிடம், "இன்னைக்கு டாக்டரம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, மருந்து எடுக்கத்தான்" என்பேன். வயசாளி, கேட்டதையே கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வேறு.

நாலாவது மாதம், ஒரு விடியற்காலை அக்கா போன் பண்ணினாள். அம்மாவை த்ரீவீலில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கொப்பியைப் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்ப அம்புலன்ஸைத் தயார் பண்ணியிருந்தார்கள். கொப்பியில் இருந்தபடிதான் அவர்கள் செய்தார்கள். அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது. தள்ளுவண்டியைப் பிடித்திருந்த வார்டுப் பணிப்பெண், வயதான சிங்கள அம்மா, என்னிடம் சிங்களத்தில் சொன்னாள்:

"உன் அம்மா எவ்வளவு வடிவாகச் சிங்களம் பேசுகிறார்! இந்த மூச்சிரைப்பிலும், ஜன்னலைத் திறந்துவிடு மகளே என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருந்தது."

அம்மா சின்னப்பிள்ளையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றதாக ஒரு பேச்சு உண்டு. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை. அந்த ஆறு வருடத்தைப் பற்றி அம்மா பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. உத்தியோகக்காரனின் தாய் எவர் வீட்டிலோ பாத்திரம் கழுவினாள் என்பதைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. அவள் வாயில் ஒரு சிங்களச் சொல்லை நான் கேட்டதே இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் என்னைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியானால் அன்றைக்கு டாக்டரின் மேசைக்கு முன்னால் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஆசை உட்பட.

அம்புலன்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தில் ஒட்சிசன் மூடி. நினைவு நன்றாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். டவுனிலிருந்து கண்டிக்குப் போகிற ரோட்டு வட்டவளையைத் தாண்டித்தான் போகிறது. எங்கள் தோட்டத்துக்கு ஏறுகிற முடக்கு வந்தபோது அம்மாவின் பிடி இறுகியது. படுத்திருந்தவளுக்கு ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். ஆனால் எத்தனையோ வருடம் பஸ்ஸில் போன ரோட்டு. எந்த வளைவு எது என்று உடம்புக்கே தெரியும். எந்த நாளிலும் சொல்லலாம், மாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாரதிக்கு, தாதிக்கு, சிங்களத்தில் ஒரே ஒரு வார்த்தை. நிறுத்துங்கள் என்று. அதைச் சொல்ல எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. சொன்னால், கொப்பியில் இருப்பது பிறகு யாருடைய வார்த்தை என்று தாதி கேட்பாள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த ஊரான கினிகத்தேனையின் கடைகள் வந்தபோது அம்மாவின் பிடி தளர்ந்துவிட்டது.

அன்று மத்தியானமே குழாய் போட்டார்கள். அதன்பிறகு அம்மா எந்த மொழியிலும் பேசவில்லை. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தார்கள். வழக்கமாகச் செய்வதுதான் என்றார்கள். மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் காதருகே குனிந்து, "அம்மா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். கண்ணை மூடியே இருந்தாள். கேட்டதோ இல்லையோ. ஆறாம் நாள் போய்விட்டாள்.

லயத்துக்குக் கொண்டு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் பந்தல் தயாராக இருந்தது. காம்பராக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா கூட்டி மெழுகி, பாய் விரித்து வைத்திருந்தாள். எனக்கு அப்போதுதான் வீரம் வந்தது. "உள்ளுக்கு எடுங்க! இதெல்லாம் என்ன மூடநம்பிக்கை?" என்று கத்தினேன். படித்தவன் கத்துகிறான் என்று ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கோவில் காரியங்களைப் பார்க்கிற பெரியவர் மட்டும் முன்னால் வந்தார். அவருக்குக் கோபமே இல்லை.

"வெளியில போன உசுருங்க தம்பி. ஒங்கப்பாவயும் நாங்க எடுக்கலீங்க. அம்மாவுக்கு உள்ளுக்க இருக்கணும்னு ஆசன்னா, ஏன் வீட்டோட வச்சிருக்கல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முழுப் பொய்யையும் ஒரே கேள்வியில் வெளியே எடுத்துப்போட்டார். அக்காதான் குறுக்கே வந்தாள். "டாக்டர் சொன்னாருன்னுதாங்க கொண்டு போனோம். தம்பி என்ன செய்யும்?" என்றாள். பெரியவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

அலுவலகத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். யாருக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவும் செய்தேனோ அவர்கள் அத்தனை பேரும் லயத்தின் சேற்றில் சப்பாத்தோடு நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. அதிகாரி குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தறப்பாள் ஒரு மூலையில் ஒழுகியது. அக்கா குடையை விரித்து அம்மாவின் முகத்துக்கு மேல் பிடித்தாள். நான் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, சொந்தக்காரர்கள் போன பிறகு, நானும் அக்காவும் காம்பராவுக்குள் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் உடுப்பை அக்கா பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இனியும் மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது.

"அக்கா, கிளினிக்குல அம்மா சொன்னது வேற. நான் டாக்டர்கிட்ட சொன்னது வேற."

"தெரியும்."

மடித்த சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி வந்ததுமே அம்மா சொல்லிருச்சு. 'தம்பி மாத்தி சொல்லிட்டான்டி. நான் சிங்களத்துல வாயத் தொறந்திருந்தா டாக்டரம்மா முன்னுக்கு அவனுக்கு மானம் போயிருக்கும்'னு சொல்லுச்சு."

"நீயாவது என்னைய கேட்டிருக்கலாமே?"

"கேக்கக் கூடாதுன்னுருச்சு. 'அவனே திருத்தி சொல்லுவான் பாரு'ன்னும். அம்மாவுக்கு ஒன்னயக் கூட்டிக்கிட்டு கிளினிக் போவணும்னு அவசியமா? தனியா போயிப் பேசத் தெரியாதா? நீ சிங்களம் பேசுறதக் கேக்கத்தான் ஒன்னயக் கூப்பிடும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, 'இன்னைக்கும் சொல்லல, அடுத்த மாசம் சொல்லுவான்'னும்."

கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். கலண்டர் தாள் உறை நைந்துபோயிருந்தது. கடைசிப் பக்கத்தில் அடுத்த கிளினிக் திகதி இருந்தது. அது மறுநாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எல்லாரையும் போல நம்பர் எடுத்து வாங்கில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் கொப்பியை மேசையில் வைத்து, அம்மா இறந்துவிட்டதைச் சொன்னேன். பிறகு அன்றைக்கு அம்மா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். குழாய் வேண்டாம் என்பதை, கண்டி வேண்டாம் என்பதை, காம்பராவை, பாயை, அப்பாவை, வாசலை, மழையை. ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

டாக்டர் தான் எழுதிய இரண்டு வரியின் மேல் விரலை வைத்தார்.

"எனக்கு அன்றைக்கே சந்தேகம்" என்றார். "எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் மழையும் ஒன்று; அம்மா அதைச் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்கள் சொன்னதில் மழை இல்லை. உங்கள் உத்தியோகத்தைச் சொன்னீர்களே, அதனால்தான் தமிழ் தெரிந்த வேறு ஒருவரை வைத்து நான் திரும்பக் கேட்கவில்லை."